மாமாவின் ரத்தம் 118 நிமிஷம் குழாயில் ஓடியது

பதினேழு வருஷமாக நான் பம்ப் ஓட்டுகிறேன். காசிமேட்டில் எங்கள் தெருவில் இப்படிச் சொன்னால் மெட்ரோ வாட்டரில் வேலையா என்றுதான் கேட்பார்கள், நானும் ரொம்ப நாள் திருத்தாமலே விட்டுவிட்டேன். இதய ஆபரேஷன் நடக்கும்போது இதயத்தை நிறுத்திவிட்டு, அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் வெளியே ஒரு மெஷினில் ஓட்டுவார்களே, அந்த மெஷின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவன் நான். பெர்ஃப்யூஷனிஸ்ட் என்பது பதவிப் பெயர். தியேட்டரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். "பம்ப் ரெடியா?" என்பார்கள், அது மெஷினையும் குறிக்கும், என்னையும் குறிக்கும்.

போன வருஷம் என் தாய்மாமாவுக்கு ஆபரேஷன். நான் வேலை பார்க்கும் இடத்தில் இல்லை, வேறொரு தனியார் மருத்துவமனையில், முதலமைச்சர் காப்பீட்டில். அதனால் அன்றைக்கு எனக்கு ஸ்டூல் இல்லை, தியேட்டருக்கு வெளியே வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிதான். அதற்கு முந்தைய சில வாரங்களில் வீட்டில் எல்லாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: "கோட்டிங் போட்ட செட் வாங்கணுமா, சாதாரண செட் போதுமா?" செட் என்பது அந்த மெஷினில் ரத்தம் ஓடும் குழாய்களும் டப்பாக்களும், கோட்டிங் என்பது அவற்றின் பரப்பில் ரத்தம் ஒட்டாமலிருக்கப் பூசும் பூச்சு. கேட்க வேண்டியது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்க வேண்டியதை நானே கேட்காமல் விட்டேன், அதையும் சொல்கிறேன்.

முதலில் மாமா. வயசு 64, எடை 62 கிலோ. இளமையில் விசைப்படகில் கடலுக்குப் போனவர், முட்டி போனபிறகு கரையில் படகு வேலை. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் இல்லையா, அந்த 61 நாள்தான் அவருக்கு சீசன். படகுகளைக் கரையேற்றி, அடிப்பக்கம் ஒட்டிக்கிடக்கும் பாசியையும் சிப்பியையும் சுரண்டி, தேய்த்து, அடி பெயின்ட் அடிப்பார்கள். மே மாச வெயிலில் அப்படிச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். எக்கோவில் அயோர்டிக் வால்வு சுருங்கியிருந்தது, ஆஞ்சியோவில் இரண்டு அடைப்பு. வால்வை மாற்றணும், அடைப்பைத் தாண்ட இரண்டு கிராஃப்ட், அதாவது புது ரத்தக்குழாய், வைக்கணும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் என் அத்தை மட்டுமில்லை, படித்தவர்களும் இதில் தடுக்கி விழுகிறார்கள். நாம் "பைபாஸ் பண்ணியாச்சு" என்று சொல்வது அடைப்புக்கு மேலே கீழே புது ரத்தக்குழாய் வைத்துத் தைக்கும் ஆபரேஷனை. நான் ஓட்டும் மெஷினுக்கும் பைபாஸ் என்றுதான் பெயர், அது இதயத்தையும் நுரையீரலையும் சுற்றிக்கொண்டு போவது. இரண்டும் வேறு. நம் நாட்டில் அடைப்புக்கான பைபாஸில் நிறைய, இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே, மெஷின் இல்லாமலே செய்துவிடுகிறார்கள். மெஷினே இல்லை என்றால் குழாய் ஏது, கோட்டிங் ஏது? எனவே யாராவது கோட்டிங் பற்றிப் பேச்சை எடுத்தால் முதலில் சர்ஜனிடம் கேட்க வேண்டியது, "எங்க ஆளுக்கு பம்ப் போடப் போறீங்களா?" என்பது. மாமாவுக்கு வால்வு வேலை இருந்ததால் பம்ப் கட்டாயம்.

சரி, அந்தப் பணக் கதை. அட்மிஷனுக்கு முன்னால் கவுன்சலிங் ரூமில் மாமா பையனிடம், சாதாரண செட் காப்பீட்டில் வரும், கோட்டிங் செட் வேண்டுமென்றால் தனியாக 15,000 கட்டணும், "நல்லதுதான், ரத்தம் ஏத்துறது குறையும்" என்று சொல்லியிருக்கிறார்கள். இவன் என்னைக் கேட்காமல் தங்கச்சி செயினை அடகு வைக்கக் கிளம்பிவிட்டான். நல்லவேளையாக அத்தை வழியில் என்னிடம் வாய்விட்டாள். நான் அங்கே போய்க் கேட்டது இரண்டே கேள்வி: நீங்கள் வழக்கமாகப் போடும் செட் எந்த கம்பெனி, எந்த மாடல்? கோட்டிங் ஆக்சிஜனேட்டரில் (ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் டப்பாவில்) மட்டுமா, குழாய் முழுக்கவுமா? முதல் கேள்விக்கான பதிலிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. அவர்கள் வாங்கி வைத்திருக்கும் அந்த மாடல் கோட்டிங்கோடுதான் கம்பெனியிலிருந்தே வருகிறது. கோட்டிங் இல்லாதது அவர்கள் ஸ்டோரிலேயே இல்லை. 15,000 பேச்சு அப்படியே அடங்கியது, யாரும் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நாங்களும் கிளறவில்லை, ஆபரேஷன் முடியணுமே. ஆனால் அந்த மாதிரி நேரத்தில் பணம் கட்டுவதற்கு முன்னால் மருத்துவமனையிலேயே காப்பீட்டுத் திட்டத்துக்கென்று இருக்கும் ஆளிடம் போய், இது பேக்கேஜில் சேராதா என்று நேராகக் கேளுங்கள். பாதி பேர் கேட்பதே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். "இன்னா மாப்ள, குழாய்க்குள்ள பெயின்ட் அடிச்சா நல்லதுன்றாங்களே, மெய்யாலுமா?"

பெயின்ட்காரரிடம் கோட்டிங்கை விளக்குவதைவிடச் சுலபம் வேறில்லை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

ரத்தம் உடம்புக்குள் இருக்கிறவரை ரத்தக்குழாயின் உள்தோலைத் தவிர வேறெதையும் தொட்டதே கிடையாது. அதை எடுத்து பிளாஸ்டிக்கில் விட்டால், சில நொடிகளுக்குள்ளேயே ரத்தத்தில் இருக்கிற புரதங்கள் போய் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும், முக்கியமாக ரத்தம் உறையத் தேவைப்படும் ஃபைப்ரினோஜன். படகின் அடியில் முதலில் வழவழவென்று ஒரு பாசிப் படலம் பிடித்து, அதற்கு மேல்தானே சிப்பி வந்து உட்காரும், அதே மாதிரி அந்தப் புரதப் படலத்தின் மேல் பிளேட்லெட் வந்து ஒட்டும். உறைகிற வேலை தொடங்கிவிடும். வெள்ளணுக்கள் ஏதோ அந்நியன் உள்ளே வந்துவிட்டான் என்று முறுக்கிக்கொள்ளும், காம்ப்ளிமென்ட் என்கிற எதிர்ப்புப் புரதங்கள் கிளம்பும், ரத்தக்குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். மறுநாள் ஐசியுவில் நோயாளியின் முகம் ஊதி, கண்ணிமை தடித்து, வீட்டுக்காரர்கள் பார்த்துப் பதறுவார்களே, அந்த வீக்கத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. பிளேட்லெட் கொஞ்சம் தீர்ந்துபோகும், மிச்சமிருப்பதும் களைத்துப்போகும். அதனால்தான் பம்ப் முடிந்தபிறகு சிலருக்கு ரத்தம் நிற்காமல் கசிகிறது.

எவ்வளவு பரப்பு என்று மாமா கேட்டார், தொழில் புத்தி. ஆக்சிஜனேட்டர் என்பது கையில் பிடிக்கிற அளவு டப்பாதான், ஆனால் உள்ளே தலைமுடி மாதிரி மெல்லிய உள்ளீடற்ற பாலிப்ரொப்பிலீன் இழைகள் ஆயிரக்கணக்கில். முடிக்குள்ளே ஆக்சிஜன் போகும், வெளியே ரத்தம் போகும். பெரியவர்களுக்கான ஒன்றை எடுத்து அந்த இழைகளின் மேல்பரப்பை எல்லாம் விரித்தால் ஏறக்குறைய 2 சதுர மீட்டர், ஒரு ஆள் படுக்கிற பாய் அளவு. குழாய், ரத்தம் வந்து தேங்கும் ரிசர்வாயர், ஃபில்டர் எல்லாம் அதற்கு மேல். மாமா எடைக்கு நிமிஷத்துக்கு 4 லிட்டர் ஓட்டணும். அவர் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே நாலேகால் லிட்டர் சொச்சம்தான், அப்படியென்றால் கிட்டத்தட்ட ஒவ்வொரு நிமிஷமும் முழு ரத்தமும் அந்தப் பாய் மேல் ஒரு தடவை புரண்டு வரும்.

கோட்டிங் என்பது அந்தப் பரப்பை ரத்தத்துக்குக் கொஞ்சம் பழக்கப்பட்ட பரப்பாகக் காட்டுவது. இது ஒன்றும் நேற்று வந்த சமாச்சாரமில்லை. மெஷின் வைத்து முதலில் வெற்றிகரமாக இதயத்தைத் திறந்து ஆபரேஷன் செய்தவர் அமெரிக்காவில் ஜான் கிப்பன், 1953 மே 6ஆம் தேதி. பத்தே வருஷத்தில், 1963ல், வின்சென்ட் காட் என்ற சர்ஜனும் அவர் ஆட்களும் ஹெப்பாரினைப் பரப்பிலேயே ஒட்ட வைக்க முடியும் என்று எழுதிவிட்டார்கள். ஹெப்பாரின் ரத்தம் உறையாமல் வைக்கிற மருந்து. கிராஃபைட் பூசிய பரப்பைக் கிருமிநாசினியில் கழுவி ஹெப்பாரினில் நனைத்தபோது, ஹெப்பாரின் போகாமல் ஒட்டிக்கொண்டது. ஆனால் வளைகிற குழாயில் கிராஃபைட் எப்படி நிற்கும்? அதனால் அது பம்ப் குழாய்க்கு வந்து சேரவில்லை. பின்னால் சுவீடனில் ஹெப்பாரின் மூலக்கூறின் ஒரு முனையை மட்டும் பரப்பில் இறுக்கக் கட்டி மறுமுனையை ரத்தத்தில் ஆடவிட்டார்கள், நம் கடற்கரைக் கல்லில் பாசி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மறுபக்கம் அலையில் ஆடுகிற மாதிரி. அந்த ஆடுகிற முனைதான் வேலை செய்யும். அதற்குப் பெயர் கார்மீடா. வெறும் மின்னேற்றத்தால் ஒட்டி நிற்கும் வகையும் இருந்தது, அது ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும். ஹெப்பாரினே இல்லாத கோட்டிங்குகளும் வந்துவிட்டன. சிவப்பணுவின் வெளித்தோல் போலவே நடிக்கும் பாஸ்ஃபோரில்கோலின் ஒன்று, புரதம் ஒட்டாமல் நழுவவிடும் பிஎம்ஈஏ என்கிற பாலிமர் ஒன்று.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்ம பெயின்ட்ல செம்பு கலந்துருக்கும், சிப்பி செத்துரும். உங்க பெயின்ட்ல இன்னா விஷம் கீது?" என்றார். அங்கேதான் என் உவமை உடைந்தது. விஷமே கூடாது மாமா, ரத்தத்தில் எதையும் கொல்லக்கூடாது, எல்லாம் உயிரோடு திரும்ப உடம்புக்குள் போகணும், ஒட்டாமல் போகணும் அவ்வளவுதான் என்றேன். "அப்ப ரொம்ப நாள் நிக்காதே" என்றார். சரியான பேச்சு. நிற்காதுதான், ஆனால் நமக்கு இரண்டு மணி நேரம் நின்றால் போதும். ஐசியுவில் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக நாள்கணக்கில் ஓடும் எக்மோ மெஷினில்தான் கோட்டிங்கின் அருமை இன்னும் அதிகமாகத் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கோட்டிங் இல்லாத செட்டுகள் நிறைய ஓட்டியிருக்கிறேன். கேஸ் முடிந்ததும் சலைன் விட்டுக் கழுவி, ஆக்சிஜனேட்டரின் மேல்பக்கம் டார்ச் அடித்துப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம், சீனியர் சொல்லிக்கொடுத்தது. பழைய செட்டில் இழைக்கட்டின் ஓரத்தில் வெற்றிலை போட்ட உதடு மாதிரி ஒரு சிவப்புக் கறை நிற்கும், சில நாள் ரிசர்வாயரின் வலையில் மெல்லிசாக நூல்நூலாக ஃபைப்ரின், ரத்தம் உறைந்ததன் இழை. கோட்டிங் செட்டில் பெரும்பாலும் வெள்ளையாகக் கழுவிக்கொண்டு வந்துவிடும். பிரைம் பண்ணும்போதும் வித்தியாசம் தெரியும். ரத்தம் வருவதற்கு முன் குழாயெல்லாம் சலைன் நிரப்பிக் காற்றுக் குமிழை எடுக்கணும், அதற்கு முன்னால் கார்பன் டை ஆக்சைடை ஊதி விடுவோம், அது காற்றைவிடச் சீக்கிரம் கரையும். அப்புறம் ஆக்சிஜனேட்டரைக் கையால் தட்டிக்கொண்டே இருக்கணும், தட்டத் தட்டக் குமிழ் கிளம்பி மேலே வரும். தண்ணீர் நன்றாகப் படியும் கோட்டிங் என்றால் தட்டுவது பாதியில் முடிந்துவிடும். கோட்டிங் இல்லாத நாளில் பிரைமில் கொஞ்சம் ஆல்புமின் சேர்ப்போம். ரத்தம் வருவதற்கு முன்னால் ஆல்புமின் போய் இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஃபைப்ரினோஜனுக்கு இடம் குறைவு. ஏழை வீட்டுக் கோட்டிங் என்று எங்கள் சீனியர் சொல்வார். கிண்டலாகத்தான் சொல்வார், ஆனால் வேலை செய்யும்.

இவ்வளவு சொன்னேன் என்பதற்காக 15,000 கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. பரிசோதனைக்கூட அளவுகளில் கோட்டிங்கின் பலன் பளிச்சென்று தெரியும், காம்ப்ளிமென்ட் குறைவு, பிளேட்லெட் மிச்சம். நோயாளிக்கு என்ன கிடைத்தது என்று பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த பதில் அடக்கமானது: ரத்தம் ஏற்றுவது கொஞ்சம் குறைகிறது, ஐசியு நேரம் கொஞ்சம் குறைகிறது, உயிர் பிழைப்பதில் தெளிவான வித்தியாசம் காட்ட முடியவில்லை. காரணமும் இருக்கிறது. பிளாஸ்டிக் ஒன்றுதான் எதிரி என்று நினைப்பது தப்பு. திறந்த நெஞ்சுக்குள் கொட்டிக் கிடக்கும் ரத்தம் வெட்டுப்பட்ட திசுவைத் தொட்டு, காற்றைத் தொட்டு, உறைவதற்கு எல்லாத் தூண்டுதலையும் வாங்கிக்கொண்டு சக்கர் என்கிற உறிஞ்சு குழாய் வழியாக நேராக என் ரிசர்வாயருக்கு வரும். அந்த ரத்தத்துக்கு எந்தக் கோட்டிங்கும் ஒன்றும் செய்யாது. அதைத் தனியாக எடுத்துக் கழுவித் திருப்பிக் கொடுக்கும் செல் சேவர் மெஷின் இருக்கிறதா என்று கேட்பது கோட்டிங் கேள்வியைவிட எனக்கு நல்ல கேள்வியாகப் படுகிறது. ஆபரேஷன் எவ்வளவு நேரம், சர்ஜன் கை எப்படி, கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மருந்து போடுவார்களா, இவையெல்லாம் குழாய்க்கு முன்னால் நிற்பவை.

கோட்டிங் இருக்கிறது என்று ஹெப்பாரினைக் குறைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள், ஹெப்பாரின் பூசிய குழாய்தானே என்று. என் இரண்டாம் வருஷத்தில் நடந்தது சொல்கிறேன். ஒரு நோயாளி, ஐந்து நாளாக ஹெப்பாரின் டிரிப்பில் இருந்து தியேட்டருக்கு வந்தவர். வழக்கமான அளவு ஹெப்பாரின் போட்டாயிற்று, ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் ஏசிடி டெஸ்ட், 480 தாண்டணும், மெஷின் 340 காட்டுகிறது. மறுபடி பார்த்தால் 345. இன்னும் கொஞ்சம் ஹெப்பாரின் போட்டு 390. சர்ஜனுக்கு அவசரம், "கோட்டிங் செட்தானேப்பா, போயிடலாம்" என்றார். எனக்கு வாய் வரவில்லை, அவர் பெரியவர், நான் சின்னப் பையன். பக்கத்தில் நின்ற என் சீனியர் குழாயை அடைத்திருந்த கிளாம்ப்பை எடுக்கவே இல்லை. "குழாய்ல ஒட்டியிருக்கறது குழாய்க்கு சார், உடம்புல ஓடுற ரத்தத்துக்கு இல்ல" என்றார், அவ்வளவுதான். ஹெப்பாரின் தனியாக ஒன்றும் செய்யாது, ரத்தத்தில் இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தைத் தூண்டித்தான் வேலை வாங்கும். நாள்கணக்கில் ஹெப்பாரின் ஓடியவர்களுக்கு அந்தப் புரதம் குறைந்திருக்கும். அந்தப் புரதம் இருக்கும் பிளாஸ்மா, உறைய வைத்திருந்தது, இரண்டு பை உருக்கிக் கொண்டுவந்து ஏற்றினார்கள். அது உருகும் வரை தியேட்டரில் யாரும் யாரோடும் பேசவில்லை. ஏசிடி 520க்கு வந்த பிறகுதான் பம்ப் ஓடியது.

இப்போது நான் கோட்டைவிட்டது. மாமாவுக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் கொடுத்திருந்தார்கள், இரண்டும் பிளேட்லெட் ஒட்டாமல் தடுத்து ரத்தம் உறைவதைக் குறைக்கும் மாத்திரைகள். ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்னால் குளோபிடோக்ரெலை நிறுத்துங்கள் என்று சர்ஜன் சொன்னார், ஆஸ்பிரின் தொடரட்டும் என்றார். மாமா சொன்ன அட்டையை நிறுத்திவிட்டார். ஆனால் வீட்டில் இன்னொரு டாக்டர் முதலில் எழுதிக்கொடுத்த மிச்ச அட்டை ஒன்று இருந்தது, வேறு கம்பெனிப் பெயர், ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ஒரே கேப்ஸ்யூலில். ஆஸ்பிரின் தொடரலாம் என்றார்களே என்று அதை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அட்மிஷன் அன்றைக்கு மயக்க மருத்துவர் பையைக் கொட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். பதினேழு வருஷம் பம்ப் முன்னால் உட்கார்ந்து கசிகிற ரத்தத்தைப் பார்த்தவன் நான், வாரத்துக்கு இரண்டு தடவை அந்த வீட்டில் சாப்பிட்டவன், அந்த மாத்திரைப் பையைத் திறந்து பார்க்கவில்லை. அந்த கேப்ஸ்யூலோடு போயிருந்தால் உலகத்தில் உள்ள எல்லாக் கோட்டிங்கும் சேர்ந்தாலும் கசிவை நிறுத்தியிருக்காது. தயவுசெய்து வீட்டில் இருக்கும் அத்தனை அட்டையையும், பழசு புதுசு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். பெயரைச் சொல்லாதீர்கள், அட்டையைக் காட்டுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்லட்டும். நீங்களாக நிறுத்தினால் அது வேறு ஆபத்து.

ஆபரேஷன் தள்ளிப்போனது. அத்தை அழுதாள், மாமா பையன் என்னிடம் பேசவில்லை. ஆனால் தள்ளிப்போனதில் ஒரு நல்லது நடந்தது. மாமாவின் ஹீமோகுளோபின் 10.2. அவசரமில்லை என்பதால் சர்ஜன் மூன்று வாரம் எடுத்துக்கொண்டு இரும்புச்சத்து ஊசி போட்டார், 11.6க்கு ஏறியது. இது ஏன் முக்கியம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், மாமா வீட்டுக் காலண்டர் பின்பக்கத்தில் போட்ட அதே கணக்கு. குழாயெல்லாம் நிரப்ப 1.3 லிட்டர் சலைன் மாதிரியான தண்ணீர் இருக்கிறது. மாமாவின் 4.3 லிட்டர் ரத்தத்தில் அது கலந்தால் மொத்தம் 5.6. ஹீமோகுளோபின் 10.2 என்றால் கலந்ததும் 7.8க்கு இறங்கும், பம்ப் ஆரம்பித்த உடனே ரத்தம் ஏற்ற வேண்டிவரும். 11.6 என்றால் 8.9, சமாளிக்கலாம். 13 வைத்துக்கொண்டு வருபவருக்கு 10. கோட்டிங் மிச்சப்படுத்தும் ரத்தத்தைவிட அந்த ஊசி மிச்சப்படுத்தியது அதிகம் என்பது என் கணிப்பு. பொம்பளைகள் பலர் 9, 9.5 என்று வந்து படுக்கிறார்கள், யாரும் முன்கூட்டியே பார்ப்பதில்லை, எனக்கு அதில் ரொம்ப நாளாக ஆத்திரம்.

மாமா சர்க்கரைக்குப் போட்டுக்கொண்டிருந்த இன்சுலின் 30/70, குலுக்கினால் பால் மாதிரி கலங்கலாக இருப்பது. அதைத் தனியாக எழுதி மயக்க மருத்துவரிடம் கொடுத்தேன், இதிலாவது கோட்டைவிடவில்லை. பம்ப் முடிந்தபிறகு ஹெப்பாரினை முறிக்கப் புரோட்டமின் கொடுப்பார்கள். அந்தக் கலங்கல் இன்சுலினிலும் புரோட்டமின் இருக்கிறது, வருஷக்கணக்கில் போட்டவர்களில் சிலருக்கு உடம்பு அதைப் பகையாக நினைவில் வைத்திருக்கும், பிரஷர் திடீரென்று விழலாம். புரோட்டமின் முதலில் எடுக்கப்பட்டது மீனிலிருந்து, சால்மன் மீனின் விந்துவிலிருந்து. மீன் ஒத்துக்கொள்ளாது என்பவர்களும் இதைச் சொல்ல வேண்டும். காசிமேட்டுக்காரனுக்கு மீன் அலர்ஜியா என்று மாமா சிரித்தார், ஆனால் எங்கள் ஏரியாவிலேயே மீன் தின்றால் தடித்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள், எதற்கும் சொல்லி வைப்பது நல்லது.

இன்னொன்று, கோட்டிங்கோடு நேரடியாகத் தொடர்புள்ளது இதுதான். முன்பு எப்போதாவது ஹெப்பாரின் கொடுத்து ஐந்தாறு நாளில் பிளேட்லெட் மளமளவென்று இறங்கியது என்று யாராவது சொல்லியிருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியில் எச்ஐடி என்று எழுதியிருந்தால், அந்தத் தாளைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். அவர்களுக்கு ஹெப்பாரின் பூசிய குழாயே கூடாது. அங்கே ஹெப்பாரின் இல்லாத கோட்டிங்கும் வேறு மருந்தும் வேண்டும். கோட்டிங் எந்த வகை என்ற கேள்வி உயிர்க் கேள்வியாக மாறும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஆபரேஷன் அன்றைக்குக் காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அந்த மருத்துவமனையில் பம்ப் ஓட்டுபவன் எனக்கு ஜூனியர், படித்த காலத்தில் தெரிந்தவன். என்ன செய்கிறான் என்று எனக்கு நிமிஷம் நிமிஷமாகத் தெரியும், அதுதான் கொடுமை. இப்போது ஹெப்பாரின், 25,000 யூனிட், ஒரு வயல். இப்போது ஏசிடி. இப்போது கானுலா, ரத்தத்தை எடுக்கவும் திருப்பிவிடவும் உடம்பில் செருகும் குழாய். அத்தை பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேன்டீன் டீயை ஆறவிட்டேன். வெளியே வந்து அவன் சொன்ன முதல் வார்த்தை "118 நிமிஷம் அண்ணா, லோயஸ்ட் எச்பி 8.8". எச்பி என்றால் ஹீமோகுளோபின். நிமிஷத்துக்கு 4 லிட்டர் என்றால் 470 லிட்டர், எங்கள் மொட்டைமாடி சின்டெக்ஸ் டேங்க் 500. அத்தையிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

முதல் ஆறு மணி நேரம் நெஞ்சிலிருந்து கசியும் ரத்தம் டிரெய்ன் பாட்டிலில் எவ்வளவு விழுகிறது என்பதுதான் எல்லாம். மாமாவுக்கு மணிக்கு 40, 50 மில்லி, அப்புறம் குறைந்தது. மொத்தமாக ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். எத்தனை யூனிட் ரத்ததானம் பண்ணணும் என்று கேட்டு மாமா பையன் படகு ஆட்கள் ஆறு பேரைக் கூட்டி வந்திருந்தான், அதில் மூன்று பேர் முந்தின ராத்திரி குடித்துவிட்டு வந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள், அது ஒரு தனிக் கதை.

மூன்றாம் நாள் மாமாவுக்குத் துடிப்பு தாறுமாறாக ஓட ஆரம்பித்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இந்த ஆபரேஷனுக்குப் பிறகு நாலு பேரில் ஒருவருக்காவது வரும், மருந்தில் அடங்கியது. அதைவிட எங்களை உலுக்கியது இரண்டாம் நாள் ராத்திரி. என்னைப் பார்த்து, "டீசல் போட்டாச்சா, விடியறதுக்குள்ள கிளம்பணும்" என்றார். கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். கோட்டிங் செட் போட்டும் ஏன் இப்படி என்று மாமா பையன் கேட்டான். மூளைக் குழப்பத்துக்கும் கோட்டிங்குக்கும் நேர்க்கோடு போட முடியாது. வயசு, மயக்க மருந்து, தூக்கமின்மை, வீக்கம் எல்லாம் சேர்ந்தது. யாராவது தெரிந்த முகம் பக்கத்தில் இருப்பதும், கண்ணாடியை எடுத்து மாட்டிவிடுவதும், ராத்திரி விளக்கைக் குறைத்துப் பகலில் ஜன்னலைத் திறப்பதும்தான் அவருக்கு உதவியது. அத்தை காதருகே குனிந்து, "இன்னும் தடை முடியல, படகு கரையிலதான் கீது" என்று சொன்னாள். தடை முடிந்து அப்போது ஒரு மாசம் ஆகியிருந்தது. மாமா சரி என்று படுத்துவிட்டார்.

இந்த வருஷத் தடைக்காலத்தில் மாமா சுரண்டுவதில்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்து பசங்களை வேலை வாங்குகிறார். பம்ப் குழாயைக் காட்டு காட்டு என்று அரிக்கிறார். ஓட்டியதைக் கொண்டுவர முடியாது, மருத்துவக் கழிவு. கம்பெனிக்காரன் சாம்பிளுக்குக் கொடுத்த ஒரு சாண் கோட்டிங் குழாயையும், கோட்டிங் இல்லாத இன்னொரு துண்டையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனேன். அவர் இரண்டையும் வெயிலில் தூக்கிப் பார்த்தார், சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தேய்த்தார், முகர்ந்து பார்த்தார். அப்புறம் பெயின்ட் டப்பா மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "இதுல எதுல மாப்ள பெயின்ட் அடிச்சிருக்கு?" என்றார். பாக்கெட்டில் வைத்து எடுத்ததில் எது எது என்று எனக்கும் மறந்துபோயிருந்தது.